இரசாயன நூல்களில் ஒப்பீட்டு மொழி

ஒரு பொருளை அறிதலாவது அதனைப் பிற பொருள்களோடு ஒப்புநோக்கி அறிதலே என்பர். இக்கூற்று எல்லா அறிவுத்துறைகளுக்கும் ஓரளவு பொருந்துமாயினும் இரசாயனத்துக்குப் பெரிதும் பொருந்துவதாகும். ஓர் உலோகம் தாக்குதிறன் உடையதா, ஓர் அமிலம் வலியதா, ஒரு வாயு பாரமானதா என்னும் வினாக்கள் தனித்து நின்று பொருள் தருவனவல்ல. எதனை நோக்க, எப்பண்பில், எவ்வளவால், எந்நிலைமையில் என்னும் நான்கும் உடன்நின்றே அவற்றுக்குப் பொருள் கொடுக்கின்றன. ஆகவேதான் இரசாயன பாடநூலொன்றை எங்கே திறப்பினும் ஓர் ஒப்பீட்டு வாக்கியம் நம் கண்ணிற் படுகின்றது. அவ்வாக்கியங்கள் தமிழில் எங்ஙனம் அமைகின்றன, மாணவர் அவற்றை எங்ஙனம் விளங்கிக்கொள்கின்றனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இரசாயனம் எழுதப்படுவது புதிய முயற்சியன்று. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. அன்று தொட்டு இன்றுவரை இத்துறையில் நாம் நிகழ்த்திய வாதங்களுட் பெரும்பாலானவை கலைச்சொற்களைப் பற்றியனவே. ஒட்சிசன் என்பதா, பிராணவாயு என்பதா, ஆக்சிஜன் என்பதா; வடசொல்லை ஏற்பதா, தனித்தமிழ்ச் சொல்லை ஆக்குவதா, ஒலிபெயர்ப்பதா என்றெல்லாம் அறிஞர் பலர் விவாதித்துள்ளனர். அவ்விவாதங்கள் வேண்டாதன என யாரும் கூறார். எனினும் ஒன்று நோக்கத்தக்கது. கலைச்சொல் பெயர்ச்சொல்லாகும். அதனை மாணவர் ஒருமுறை கற்றுக்கொண்டால் அது பின்னர் அவரைத் தடுமாறச் செய்வதில்லை. தடுமாற்றம் விளைப்பன பெயர்ச்சொற்களல்ல. அவற்றைத் தொடுக்கும் சிற்றுருபுகளே. ‘ஐவிட’, ‘இலும்’, ‘போல’, ‘ஆல்’, ‘ஆக’, ‘கூடிய’ என்பன எந்தக் கலைச்சொல் அகராதியிலும் இடம்பெறுவனவல்ல. அவை எல்லோரும் அறிந்தவை என்னும் எண்ணத்தினாலேயே எவராலும் ஆராயப்படாது விடப்பட்டுள்ளன.

இதனை எழுதுபவன் விஞ்ஞானப் பட்டதாரியல்லன். மொழியையும் தருக்கத்தையும் கற்பிப்பவன். இரசாயனத்தின் உண்மைகளை நிறுவுவது இக்கட்டுரையின் வேலையன்று. அவ்வுண்மைகளைத் தாங்கும் வாக்கியங்களே ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியன. கீழே காட்டப்படும் வாக்கியங்கள் எந்த ஒரு நூலினின்றும் எடுக்கப்பட்டனவல்ல. நூல்களிலும் வகுப்புக் குறிப்புகளிலும் வழங்கும் நடைக்கு மாதிரியாக அமைக்கப்பட்டன.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். ஆங்கிலம் முதலிய மொழிகளிற் பண்புச்சொல்லே ஒப்பீட்டுக்கென வடிவம் மாறும். தமிழில் அத்தகைய மாற்றம் இல்லை. ஒப்பீடு முழுவதையும் வேற்றுமையுருபும் இடைச்சொல்லுமே தாங்குகின்றன. ‘இன்’ உருபை ஏற்கும் ஐந்தாம் வேற்றுமையை விளக்கிய தொல்காப்பியர் நிறம், வடிவு, அளவு, சுவை, வெம்மை, தண்மை முதலிய பண்புகளை அதன் பொருளிடமாக வரிசைப்படுத்தினார். இரசாயன ஆசிரியர் இன்று ஒப்பிடும் பண்புகள் பலவும் அவ்வரிசையிற் காணப்படுவது வியக்கத்தக்கது. அவ்வேற்றுமைக்கு உரையாசிரியர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று காக்கையின் கருமையையும் களாப்பழத்தின் கருமையையும் பற்றியது. அத்தொடர் களாப்பழம் காக்கையைப் போலக் கரியது எனவும் பொருள்படும். காக்கையிலும் மிகக் கரியது எனவும் பொருள்படும். ஒப்பும் உறழ்ச்சியும் ஒரே உருபில் அடங்கிக் கிடப்பதைப் பண்டையோர் அறிந்தே இருந்தனர். செய்யுளில் அஃது அழகாகலாம். பரிசோதனைக் கூடத்துக்கு எழுதப்படும் நூலில் அவ்வீரொட்டு இடர்ப்பாடாகும்.

இன்றைய உரைநடையில் ‘இன்’ உருபு இப்பொருளில் அருகிவிட்டமையால் அவ்விடர் நீங்கிற்று எனக் கருதலாகாது. ‘போல’ என்னும் சொல் அதே இடரை வேறு வழியாகக் கொணர்கின்றது. ‘சோடியங் குளோரைட்டைப் போல வெள்ளிக் குளோரைட்டு நீரிற் கரையாது’ என்னும் வாக்கியத்தைக் கொள்க. சோடியங் குளோரைட்டு கரைவது போன்று வெள்ளிக் குளோரைட்டு கரைவதில்லை என்பது எழுதியவர் கருத்து. ஆனால் சோடியங் குளோரைட்டு கரையாதது போலவே வெள்ளிக் குளோரைட்டும் கரையாது எனவும் அதே வாக்கியத்தை வாசிக்கலாம். இலக்கணம் அதனைத் தடுக்கவில்லை. சோடியங் குளோரைட்டாவது நாம் நாடோறும் சமையலறையிற் கையாளும் உப்பாதலின் மாணவர் பிழைபட உணரார் எனலாம். அவ்விடத்தில் ‘ஈய நைத்திரேற்றைப் போல ஈய சல்பேற்று நீரிற் கரையாது’ என்று எழுதினால் மாணவருக்குத் துணைசெய்ய எந்த வீட்டனுபவம் உண்டு? 100 கிராம் நீரில் ஏறக்குறைய 36 கிராம் சோடியங் குளோரைட்டு கரையும். வெள்ளிக் குளோரைட்டோ ஒரு லீற்றர் நீரிலே ஏறக்குறைய 2 மில்லிகிராமே கரையும். கரைசலொன்றிற் குளோரைட்டு உண்டா எனச் சோதிக்கும் முறை இவ்வேறுபாட்டின் மேலேயே நிற்கின்றது. இத்துணைப் பெரிய வேறுபாட்டை ‘போல’ என்னும் ஒரு சொல் மறைத்துவிட வல்லது. எதிர்மறை வினையோடு ‘போல’ வருதல் கூடாது என்னும் ஒரு விதியை நூலாசிரியர் கைக்கொண்டால் இம்மயக்கம் அடியோடு நீங்கும்.

அடுத்து ‘ஐவிட’ என்பதை நோக்குக. ‘மகனீசியம் செம்பைவிட ஒட்சிசனோடு எளிதிற் சேரும்’ என்னும் வாக்கியத்திற் செம்புக்கு எதிராக நிறுத்தப்படுவது யாது? மகனீசியமா, ஒட்சிசனா? செம்பு ஒட்சிசனோடு சேர்வதிலும் மகனீசியம் ஒட்சிசனோடு எளிதிற் சேரும் என்பது ஒரு பொருள். மகனீசியம் செம்போடு சேர்வதிலும் ஒட்சிசனோடு எளிதிற் சேரும் என்பது மற்றொரு பொருள். முதலாவது உலோகங்களின் வரிசையைப் பற்றிய கூற்று. இரண்டாவது ஒரே உலோகத்தின் இயல்பைப் பற்றிய கூற்று. ‘செம்பு சேர்வதிலும்’ என வினையை வெளிப்படக் கூறியிருப்பின் ஐயத்துக்கே இடமில்லை. ஒரு சொல்லை மிச்சம் பிடித்தவர் ஒரு கருத்தை இழந்தார்.

ஈழத்துத் தமிழில் மிகுதிப்பொருளைக் குறிக்க ‘கூடிய’ என்னும் சொல்லையே நாம் பெரிதும் வழங்குகின்றோம். இச்சொல்லுக்கு இருவேறு பணிகள் உள. ‘கூடிய கரைதிறன்’ என்புழி அது மிகுதியைக் குறிக்கும். ‘கரையக்கூடிய’ என்புழி அது இயல்வதைக் குறிக்கும். ‘நீரில் எளிதிற் கரையக்கூடிய உப்பு’ என்பது ஒப்பீடன்று. ‘நீரிற் கூடக் கரையும் உப்பு’ என்பதோ ஒப்பீடுமாகலாம், ‘நீரிலும் கரையும்’ என்ற பொருளும் தரலாம். அச்சிடுவோர் சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் விரும்பியவாறு அமைக்கும்போது ‘எரியக் கூடிய வாயு’, ‘கூடிய எரிதகவுடைய வாயு’ என்பவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு மாணவர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. இயல்வதைக் குறிப்பதைச் சேர்த்தெழுதுதலும், மிகுதியைக் குறிக்குமிடத்து ‘உயர்ந்த’, ‘மிகுந்த’ என்பவற்றை ஆளுதலும் எளிய பரிகாரங்களாகும்.

அளவைக் கூறும் ஒப்பீடுகளில் இடர் இன்னும் பெரிது. வெப்பநிலை 10 பாகையால் உயருமாயின் பல தாக்கங்களின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் எனக் கற்பிக்கின்றோம். ‘இருமடங்காக அதிகரிக்கும்’ என எழுதின், தொடக்கத்தில் 3 அலகாக இருந்த வேகம் 6 அலகாகும். ‘இருமடங்கால் அதிகரிக்கும்’ என எழுதின், 3 அலகோடு 6 அலகு கூடி 9 ஆகும். ‘ஆக’, ‘ஆல்’ என்னும் இரண்டுக்குமிடையே எழுத்தில் வேறுபாடு சிறிது. விடையிலோ வேறுபாடு ஒன்றரை மடங்கு. ‘இருமடங்கு அதிகரிக்கும்’ என உருபே இன்றி எழுதுவது எல்லாவற்றிலும் கொடிது. அது மாணவரை எழுதியவரின் மனத்தை ஊகிக்குமாறு விட்டுவிடுகின்றது. ஈண்டு நம் மொழி குறையுடையதன்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும். முடிவாகிய அளவை ‘ஆக’ எனவும், கூடிய அளவை ‘ஆல்’ எனவும் பிரித்துக் காட்டும் வசதி தமிழில் இயல்பாகவே அமைந்துள்ளது. வசதி இருந்தும் அதனைப் பயன்படுத்தாமையே குறை.

நூற்றுவீதத்தைக் கூறும் வாக்கியங்களும் இத்தகையனவே. 10 வீதக் கரைசலொன்றின் செறிவு ‘10 வீதத்தால் கூட்டப்பட்டது’ எனின், அது 11 வீதமாயிற்றா, 20 வீதமாயிற்றா? இரு விடைக்கும் நியாயம் உண்டு. இதனோடு, ‘வீதம்’ என்னும் சொல் நம்மிடையே தாக்க வேகத்தையும் நூற்றிலொரு பங்கையும் ஒருங்கே குறித்து நிற்பதையும் சேர்த்து எண்ணுக. ‘தாக்க வீதம் 20 வீதத்தால் கூடிற்று’ என்னும் தொடர் கேட்போர்க்கு நகைப்பை விளைக்கலாம். பரீட்சை மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்க்கு அது நகைப்புக்குரியதன்று.

இதுவரை கூறியவை உருபுகளின் மயக்கம். இனி, வாக்கியம் இலக்கணத்தில் வழுவின்றி அமைந்தும் ஒப்பிடப்படும் பண்பு கூறப்படாமையால் நேரும் மயக்கத்தை நோக்குவோம். ‘இலிதியத்திலும் சோடியம் தாக்குதிறன் கூடியது, சோடியத்திலும் பொட்டாசியம் தாக்குதிறன் கூடியது’ என்பது யாவரும் கற்ற பாடம். நீரிலிடும்போது கண்ணாற் காணும் வேகத்தைக் கருதினால் அஃது உண்மை. ஆனால் மின்னிரசாயன அதிகாரத்தை அடைந்த மாணவர் நியம மின்வாய் அழுத்தங்களை வாசிக்கின்றார். இலிதியத்துக்கு மறை 3.04 வோல்ற்று, பொட்டாசியத்துக்கு மறை 2.93, சோடியத்துக்கு மறை 2.71. இவ்வரிசையில் இலிதியமே முன்னிற்கின்றது. முன்னர்க் கற்றது பொய்யா என மாணவர் மயங்குகின்றார். இரண்டும் பொய்யல்ல. முன்னது தாக்கத்தின் வேகத்தைப் பற்றியது. பின்னது தாக்கம் நிகழ்வதற்கான நாட்டத்தைப் பற்றியது. சோடியம் 98 பாகையிலும் பொட்டாசியம் அதனினும் தாழ்ந்த வெப்பநிலையிலும் உருகுவன. ஆதலின் தாக்கத்தின் வெப்பத்தாலேயே உருகிப் புதிய பரப்பை நீருக்குக் காட்டுகின்றன. இலிதியம் ஏறக்குறைய 180 பாகையிலேயே உருகுவதாதலின் அங்ஙனம் செய்வதில்லை. மேலும், சாதாரண வெப்பநிலையில் நைதரசனோடு சேர்வது இலிதியமேயன்றிச் சோடியமன்று. ‘தாக்குதிறன் கூடியது’ என்பதன் முன்னே ‘நீரோடு’ என்றும் ‘வேகத்தில்’ என்றும் இரண்டு சொற்களை இட்டிருப்பின் முரணே தோன்றியிராது.

இக்குறை ஆபத்தாகவும் முடியக்கூடும் என்பதற்கு வன்னமிலம், மென்னமிலம் என்னும் சொற்களே சான்று. ஒப்பீட்டையே தம்முட் கொண்ட பெயர்கள் இவை. இவற்றால் ஒப்பிடப்படுவது நீரில் அயனாகும் அளவு ஒன்றே. ஒரு லீற்றருக்கு 0.1 மூல் கொண்ட ஐதரோகுளோரிக்கமிலம் ஏறக்குறைய முழுவதும் அயனாகின்றது. அதே செறிவுடைய அசற்றிக்கமிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.3 பங்கே அயனாகின்றது. எனவே முன்னதன் பீ.எச். பெறுமானம் 1 ஆகவும் பின்னதன் பெறுமானம் ஏறக்குறைய 2.9 ஆகவும் இருக்கும். ஆயினும் இவ்விரண்டிலும் 25 மில்லிலீற்றரை நடுநிலையாக்குவதற்கு அதே செறிவுடைய சோடியமைதரொட்சைட்டுக் கரைசல் 25 மில்லிலீற்றரே வேண்டும். ‘மென்னமிலத்துக்குக் குறைந்த காரம் போதும்’ என மாணவர் எழுதுவாராயின், அவர் இரசாயனத்தை அறியாதவரல்லர். ‘மென்மை’ என்னும் சொல்லை அதன் உலகவழக்குப் பொருளில் நம்பினவராவர். இன்னொருவர் மென்னமிலம் என்பதை ஐதான அமிலம் என உணர்கின்றார். ஐதான, செறிந்த என்பன நீரின் அளவு பற்றியன. மென்மையும் வன்மையும் அமிலத்தின் இயல்பு பற்றியன. மூன்றாமவர் மென்னமிலம் தீங்கற்றது என எண்ணுகின்றார். இதுவே அஞ்சத்தக்கது. ஐதரோபுளோரிக்கமிலம் வரைவிலக்கணப்படி மென்னமிலமே. ஆனால் அது கண்ணாடியை அரிக்கும். தோலினூடே ஊடுருவி உடலிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து உயிருக்கே இறுதி விளைக்கவும் வல்லது. அதன் புட்டியைக் கையிலெடுக்கும் ஒருவரிடம் ‘இது மென்னமிலம்’ என்று மாத்திரம் கூறி விடுதல் எத்தகைய கற்பித்தலாகும்?

எண்களைக் கொண்டு கூறிவிட்டால் மயக்கம் தீரும் எனச் சிலர் கருதுவர். எண்ணும் தன் அளவுகோலின் தொடக்கத்தையும் திசையையும் கூறாதவழி மயக்கவே செய்யும். 40 பாகை செல்சியசு 20 பாகையின் இருமடங்கு வெப்பநிலையன்று. கெல்வின் அளவிலே அவை 313உம் 293உம் ஆம். ஆகவே அமுக்கம் மாறாதிருப்ப, வாயுவொன்றின் கனவளவு நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கே பெருகும். பீ.எச். அளவுகோலிலோ எண் உயர உயர அமிலத்தன்மை குறையும். ஓரலகு மாற்றம் பத்துமடங்கைக் குறிக்கும். பீ.எச். 5 உடைய கரைசலின் ஐதரசன் அயன் செறிவு பீ.எச். 3 உடையதன் செறிவில் நூறிலொரு பங்கு. இதனை ‘நூறு மடங்கு குறைந்தது’ என எழுதுவோர் உளர். ஒரு மடங்கு குறைந்தவுடனேயே ஒன்றும் எஞ்சாதே என்று கணக்கறிந்த மாணவர் வினவின் என்ன விடை கூறுவது? மறைக்குறியுடைய எண்களில் இத்தொல்லை மேலும் வளரும். குளோரீன் அணு இலத்திரனொன்றை ஏற்கையில் மூலொன்றுக்கு 349 கிலோயூல் வெளிவரும்; புளோரீனுக்கு அது 328 ஆகும். வெளிவரும் சக்தியை மறைக்குறியோடு எழுதும் வழக்கின்படி குளோரீனின் எண்ணே சிறியது. ‘குளோரீனின் இலத்திரன் நாட்டம் கூடியது’ என்பதிலும், ‘கூடுதலான சக்தியை வெளிவிடும்’ என்பதே ஐயமற்ற கூற்றாகும்.

நிலைமையைக் கூறாது விடுதல் இன்னொரு குறை. ‘காபனீரொட்சைட்டு வளியிலும் பாரமானது’ என்கின்றோம். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் அதன் அடர்த்தி வளியின் அடர்த்தியைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதே இதன் பொருள். அந்நிபந்தனையை நீக்கிவிட்டால், எரியும் விறகினின்று எழும் சூடான வாயுவில் உள்ள காபனீரொட்சைட்டு ஏன் மேலே செல்கின்றது என்னும் வினாவுக்கு விடையில்லை. ‘வைரத்திலும் காரீயம் உறுதியானது’ என்பதும் அத்தகையது. சாதாரண அமுக்கத்திற் சக்தியை நோக்க அது மெய். கடினத்தை நோக்கப் பொய். வைரம் காரீயமாக மாறுவது மிகமிக மெதுவான செயலாதலின், மோதிரத்திற் பதித்த வைரத்தைப் பற்றி எவரும் கவலைகொள்வதில்லை.

விஞ்ஞானிகளும் இவ்விடரை நன்கு உணர்ந்தவரே. அணுக்களின் நிறையை ஒப்பிடுவதற்கு ஒட்சிசனை 16 எனக் கொண்டிருந்த காலத்தில், இரசாயனவியலார் இயற்கையிற் கிடைக்கும் ஒட்சிசனையும், பௌதிகவியலார் அதன் ஒரு சமதானியை மாத்திரமும் அளவையாகக் கொண்டனர். இரு அட்டவணைகளுக்குமிடையே பதினாயிரத்துக்கு ஏறக்குறைய 3 பங்கு வேறுபாடு இருந்தது. அச்சிறு வேறுபாட்டையும் பொறாது, 1961இல் காபன் 12 என்னும் சமதானியைப் பொது அளவையாக ஏற்றனர். பதினாயிரத்தில் மூன்று பங்குக்காக உலகமே தன் அட்டவணையைத் திருத்திற்று. இருமடங்குக்கும் மும்மடங்குக்கும் இடையே மாணவரைத் தடுமாறவிடும் வாக்கியத்தைத் திருத்துவதற்கு நாம் தயங்குவது முறையோ?

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பாடத்தை அறிந்தவர் எந்த வாக்கியத்தையும் சரியாகவே விளங்கிக்கொள்வர். சமன்பாடும் அட்டவணையும் அருகில் இருக்க மொழியைப் பற்றிக் கவலை ஏன் என்பர். அறிந்தவர் சரியாக விளங்கிக்கொள்வர் என்பது மெய்யே. ஆனால் பாடநூல் அறிந்தவர்க்காக எழுதப்படுவதன்று. ஈரொட்டான வாக்கியத்தின் சரியான பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டிய அறிவு, அவ்வாக்கியத்தினாலேயே ஊட்டப்பட வேண்டிய அறிவாகும். தனிப்போதனைக்கும் மேலதிக நூலுக்கும் வசதியுள்ள மாணவர் வேறு வழியாகத் தெளிவடைவர். பாடநூலொன்றையே துணையாகக் கொண்ட மாணவர்க்கு வாக்கியமே ஆசிரியர். இன்னும் சிலர், ஆங்கிலத்திற் கற்றால் இத்தொல்லை இராது என்பர். மூன்று மடங்கு மிகுதி என்பதற்கு மும்மடங்கு எனவும் நான்மடங்கு எனவும் பொருள்கொள்ளும் மயக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. பிழை மொழியினதன்று, எழுதுவோரது கவனமின்மையினது.

ஆகவே நூலெழுதுவோரும் வினாத்தாள் அமைப்போரும் கைக்கொள்ளத்தக்கவை சிலவே. ஒப்பிடப்படும் இரு பொருள்களையும் ஒரே வேற்றுமையில், இயன்றவிடத்து வினையோடு, நிறுத்துக. எப்பண்பில் என்பதைக் கூறுக. முடிவளவுக்கு ‘ஆக’ எனவும் மாற்றத்தின் அளவுக்கு ‘ஆல்’ எனவும் எழுதுக. குறைவை மடங்கால் அளவாது பங்கால் அளக்க. எதிர்மறையோடு ‘போல’ என்பதைச் சேர்க்கற்க. வெப்பநிலையும் அமுக்கமும் செறிவும் வேண்டுமிடத்து அவற்றை விடாது குறிப்பிடுக. வகுப்பிலுள்ள ஆசிரியர்க்கும் ஒரு பணி உண்டு. ஒப்பீட்டு வாக்கியமொன்று வரும்போதெல்லாம், ‘எதனிலும்? எதில்? எவ்வளவால்? எப்பொழுது?’ என்னும் நான்கு வினாக்களை மாணவரே எழுப்புமாறு பழக்குதல் வேண்டும். அந்நான்கு வினாக்களுக்கும் விடை கொடுக்கும் வாக்கியம் நீளமாயிருக்கலாம். ஆயினும் அதனைப் படித்த மாணவர் புட்டியைத் திறக்குமுன் அதிலிருப்பது யாதென அறிந்திருப்பார்.